கர்ணன் அண்ணனின் முன்பல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் கீழுதட்டின் உள்ளே ரத்தம். என் கீழ்வரிசையில் ஒரு பல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. கிளாரினெட் ஊத, உதட்டை அந்த வரிசை மேல் மடித்து, ரீடு என்கிற நாணல் தகட்டுக்கு அடியில் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பல் கிழித்துவிடும். பல்லுக்கு மேல் பேப்பர் மடித்து வை என்று யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவில் சொன்னார். வைத்தேன். ஊறிப்போய் வாய்க்குள் போய்விட்டது. த்தூ.

ஆனால் ஓடைப்பட்டி கிளாரினெட் கர்ணன் அண்ணனின் ஊர்வல கிளிப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கூடவே ஊதியதில் நாலு வரி வந்துவிட்டது. நாலு வரி! அவர் என்னைப் பார்த்ததுகூட இல்லை. நான் நடத்துகிற ரசிகர் பேஜ் முழுக்க அவர்தான்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் நேற்று ஒரு கோயிலில் வாசித்த கிளிப் கிடைத்தது. உடனே பேஜில் போட்டேன். போட்ட பிறகுதான் முழுசாகக் கேட்டேன். மேலே ஏறுகிற இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம். மறுபடி ஒன்று. அவருக்கா?

முதல் கமெண்டே “அண்ணன் ஃபுல் மப்பு”. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. யார்ரா நீங்கல்லாம்?

மார்ச் 8, சனி

கண்டுபிடிச்சுட்டேன்.

தீபாவளி கிளிப்பையும் இதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். அப்போது மேல் முன்பற்கள் இரண்டும் ஒட்டி நின்றன. இப்போது நடுவில் சந்து. ஒன்று இறங்கி, வெளியே சாய்ந்திருக்கிறது. மவுத்பீஸ் மேல் அந்த இரண்டும்தான் ஊன்ற வேண்டும். ஆடுகிற பல்லை எப்படி ஊன்றுவது? அதனால் மவுத்பீஸை ஓரமாகத் தள்ளி வைக்கிறார், உதடு சரியாக மூடாமல் காற்று ஒழுகுகிறது, மேல் ஸ்வரம் பிசிறுகிறது. தண்ணியும் இல்லை, ஒன்றும் இல்லை.

வீடியோ செய்து போட்டுவிட்டேன். பல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “கர்ணன் அண்ணன் குடிகாரர் இல்லை, இதுதான் உண்மை.”

மார்ச் 9, ஞாயிறு

நாற்பதாயிரம் பேர்!!! யாரும் இப்போது மப்பு என்று சொல்வதில்லை.

மார்ச் 12, புதன்

இப்போது “பல்செட் பார்ட்டி” என்கிறார்கள்.

காலேஜில் மதன்குமார் வந்து சொன்னான். அவன் மாமா அவர்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறார். கர்ணன் அண்ணனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு திண்டுக்கல் பார்ட்டிக்குப் பேசிவிட்டார்களாம். “சாமி போறப்ப பல்லு விழுந்தா எவன் பொறுக்குறதுன்னு மாமா கேக்குறாரு,” என்று சிரித்தான்.

வீடியோவை எடுத்துவிட்டேன். என்ன பிரயோஜனம்? எங்கள் தெரு குரூப்பிலேயே சுத்துது. நான் போட்ட வட்டத்தோட.

மார்ச் 16, ஞாயிறு

சின்னமனூரில் பஸ் மாறி ஓடைப்பட்டி போனேன். நான் சிம்ரன், அந்தப் பேஜ்... என்று வாசலில் இழுத்தேன். அண்ணனின் சம்சாரம் பூமாரி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, “ஏங்க, பல்லு டாக்டரம்மா வந்துருக்காக,” என்றார்.

அண்ணன் பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். கிளிப்பில் பார்ப்பதைவிட ஒல்லி. உங்களைக் குடிகாரர் என்றார்கள், தாங்க முடியவில்லை, அதனால்தான் போட்டேன் என்றேன். அழுதுவிட்டேன்.

“அதக் கெளப்பி விட்டதே நாந்தேன்,” என்றார்.

புரியவில்லை.

“குடிச்சவன்னா, நாளைக்குத் தெளிஞ்சுருவான்னு அடுத்த வருசமும் கூப்புடுவாக. பல்லு ஆடுறவன எவன் கூப்புடுவான்?” பேசும்போதெல்லாம் கை வாயை மறைத்தது. பிறகு, “நீ சொன்னது பூராம் நெசந்தேன் ஆத்தா. ஆனா அது என் வாயி, இல்லையா?” என்றார்.

மன்னிப்புக் கேட்டேனா? ஞாபகம் இல்லை. பூமாரி அக்கா டீ கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். குடித்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஊதவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பேஜை மூடினேன். ஏன் என்று கேட்டு நிறைய மெசேஜ். பதில் போடவில்லை. போட்டால் மறுபடி அவர் வாயைப் பற்றித்தானே பேச வேண்டும்?

மே 6, செவ்வாய்

மதன்குமார் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். திண்டுக்கல் கிளாரினெட்காரர் நன்றாகவே வாசித்தார். நன்றாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கர்ணன் எங்க என்று அங்கே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பேஜில் முன்பு போட்டிருந்த என் வாட்ஸ்அப்புக்கு, தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். கர்ணன் அண்ணன்!

“ரெண்டையும் புடுங்கியாச்சு. மேலுதட்டையும் மடிச்சு வச்சு ஊதிப் பாக்குறேன். காத்து ஒழுகுறது கேக்குதான்னு சொல்லு. பூமாரி கேக்கலங்குறா. அவ பொய் சொல்றா.” பேச்சே சற்றுக் கொழகொழவென்று இருந்தது. அப்புறம் கிளாரினெட். கீழ் ஸ்வரங்கள் மட்டும். ஒவ்வொன்றாக, காலை வைத்துப் பார்த்து நடக்கிற மாதிரி.

ஹெட்போன் மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டேன். “சூப்பர்ண்ணே” என்று அடித்தேன். அழித்தேன்.

“கேக்குதுண்ணே. ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்குப் போறப்ப.”

அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. பேசாம நல்லாருக்குன்னே சொல்லிருக்கலாமோ?

அப்புறம் இன்னொரு வாய்ஸ் வந்தது. பேச்சு இல்லை. அதே ஸ்வரங்கள், முதலிலிருந்து, இன்னும் மெதுவாக.