நம் குட்டையில் மீன் விட வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் நலமா? நான் நலம். போனில் பேசினால் இந்த வளர்ப்பு மீன் கடையில் எல்லாருக்கும் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

நம் குட்டையில் திலாப்பியா மீன் குஞ்சு விடப்போகிறீர்களாமே. வேண்டாம் அப்பா. மீன் குஞ்சுத் தீனிக்கு நீங்கள் பிடித்து விற்கும் தண்ணீர்ப் பூச்சியை அது தின்றுவிடும். இங்கே பாலிக் புலாவில் கடை முதலாளி சிக்கந்தர் அண்ணன் தன் குளத்தில் அதை விட்டார். முதலில் பெரிய சிவப்புப் பூச்சிகள் போயின. அடுத்த வருடம் பொடிப் பூச்சி மட்டும். நேற்று வலையில் ஒரு பூச்சியும் இல்லை, குளத்தில் வெறும் பச்சைத் தண்ணீர். கடையில் சண்டை மீன் குஞ்சுகளுக்குத் தீனி இல்லை.

“பூச்சி இல்லேன்னா உனக்கு இங்க என்னம்மா வேலை?” என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

நம் பூச்சி இரண்டு பை வேண்டும். பஸ்ஸில் போட்டுவிடாதீர்கள், சூட்டில் செத்துவிடும். நீங்களே கொண்டு வாருங்கள் அப்பா.

அண்ணன் கூப்பிடுகிறார்.

மகள் தனுஜா