கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு

சாந்தோம், 9-6-1946

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், என் தகர ரயில் நேற்று மாலை கட்டிலடி ஸ்டேஷனிலிருந்து சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.

கடைசிப் பெட்டிதான் பாடுபடுத்தியது. "வால்ல செவப்பு வெளக்கு இல்லன்னா பாதி ரயிலு அறுந்து போச்சுன்னு அர்த்தம்டா" என்றான் மர்சலின். அவன் அப்பா ரயில்வே கார்டு. ஆகவே கடைசியில் கார்டு வண்டி, அதன் முதுகில் சிவப்பு விளக்கு. கண்ணாடியை நானே இழைத்ததாகப் பீற்றிக்கொண்டேன்.

உன் தோட்டுக் கெம்பு தொலைந்ததற்கு, "கல்லையே காப்பாத்தத் தெரியல, குடும்பத்தையா காப்பாத்துவா?" என்று உன் மாமியார் இன்னும் குத்துகிறாராம். அம்மா அழுதாள். கெம்பு வம்பாகிவிட்டது.

விளக்கைப் பிடுங்கி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். கடிதத்தை உன் மாமியாரிடமே காட்டு. அன்று எல்லோரையும்விட அதிகம் தேடியவன் நான்தான் என்று மெச்சினாயே, அப்போதே அது என் நிஜார்ப் பையில் இருந்தது, அக்கா.

உன் தம்பி