போல்ட் போடாத தகடு

கோர்படி, 12-1-2006

தருண் கண்ணா,

வாகடில் நீ தங்கியிருக்கும் ரூமுக்கு போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அப்பாவின் காரை நீ ஓட்டப்போகிறாய் என்று சித்தப்பா சொன்னார். காரும் ஓட்டுகிற ஆளும் சேர்ந்து பந்தயம் நடத்துகிறவர்கள் சொன்ன எடைக்குக் குறையக்கூடாதாம். நீ அப்பாவைவிட ஒல்லி. அதனால் உன் சீட்டுக்குப் பின்னால் இன்னும் அதிகமாக இரும்புத் தகடு வைக்கிறாயாம்.

போன வருஷம் அப்பா இறந்தபோது, அவர்தான் தகட்டுக்கு போல்ட் போட மறந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவர் மறக்கவில்லை.

"ஓட்டை போட்டு முடுக்க அரைமணி ஆகும்டி" என்றார்.

"அதுக்குள்ள நம்ம முறை போயிடும். கயிறே போதும்ங்க" என்றது நான்தான். கட்டியதும் நான்தான்.

பந்தயம் முடியும் கோட்டைத் தாண்டி அவர் பிரேக் பிடித்ததும் கார் நின்றது. தகடு நிற்கவில்லை.

ஓட்டாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவேன். ஒவ்வொரு போல்ட்டையும் கையால் ஆட்டிப் பார்ப்பேன். ஒன்று ஆடினாலும் கார் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அத்தனை பேர் எதிரில் நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

உன் அம்மா