முதல் கைநாட்டு

ஜூலை 7, செவ்வாய்

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டு நர்ஸம்மா எழுதுவது. நான் நலம். மூட்டுவலியும் நலம், என்னை விட்டுப் போவதாக இல்லை. உன் கடிதம் வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நான் கேட்கமாட்டேன், நீயே வெட்கப்பட்டுக்கொள்.

நம் தெருவில் இரண்டு கதவைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். ஒன்று நம் செபக்கூடம். இன்னொன்று தையல்கடைக்கு மேலே முஸ்லிம்கள் தொழுகிற அறை. நாலு பேர் கூடிக் கும்பிடுகிற இடம் எதுவானாலும் இனி அனுமதி வாங்க வேண்டுமாம். சரி, யார் தருவார் என்று கேட்கப் போனோம். நான் காலமெல்லாம் லிஃப்ட் ஓட்டின அதே அரசாங்கக் கட்டடம்தான். இரண்டாம் மாடிக்காரன் நாலாம் மாடிக்கு அனுப்பினான், நாலாம் மாடிக்காரன் முதல் மாடிக்கு அனுப்பினான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஏறி இறங்கினபோது கால் இப்படி வலித்ததில்லை.

ஃபாதர் வந்தார். மேலிடத்தில் பேச்சு நடக்கிறதாம். கோர்ட்டுக்குப் போய் அவர் பெயரில் வழக்குப் போட்டால் அவரையே ஊரை விட்டு அனுப்பிவிடுவார்களாம். "இது பொதுநிலையினர் செய்ய வேண்டிய வேலை" என்றார்.

"அது என்ன பதவி ஃபாதர், சம்பளம் உண்டா?" என்று கேட்டேன்.

"அங்கி போடாத நீங்க எல்லாரும்தான் பெரியவரே." சிரித்தார். ஆனால் முகம் சரியில்லை.

வக்கீலம்மா நம் கோயிலுக்கு வருகிற பெண்தான். அங்கே கும்பிடுகிறவர்களே மனுப் போட வேண்டும், முதல் பெயர் யாருடையது என்று கேட்டாள். நர்ஸம்மாவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி. பஸ் டிரைவருக்குச் சின்னப் பிள்ளைகள். வாத்தியாருக்குப் பென்ஷன் வரப்போகிற நேரம். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னிடம் பிடுங்குவதற்கு வேலை ஏது? கட்டைவிரலை நீட்டிவிட்டேன். எனக்கு அடுத்த பெயர் அந்த மாடியில் தொழுகிற தையல்காரர். இரண்டு கதவுக்கும் ஒரே மனு.

உனக்குச் சொல்லாமல் செய்தான் கிழவன் என்று இருக்கக் கூடாது பார். அதற்குத்தான் இது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. மருமகளைக் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா


ஜூலை 16, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "முதல் மனுதாரர் உங்க அப்பாவாமே" என்றார். அங்கே சீல் வைத்ததும் எங்கள் இலாகாதான் என்பது உங்களுக்குத் தெரியாதா அப்பா? என் பதவி உயர்வு அவர் மேஜையில் கிடக்கிறது. இத்தனை வருஷம் குனிந்து நிமிர்ந்தது இதற்காகத்தான்.

ஆனால் அவர் கெட்டவர் இல்லை. ஒரு வழி சொன்னார். மனுவில் நம் கூடம் மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் அனுமதி தந்துவிடுவார்களாம். அந்த மாடி அறையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வக்கீலிடம் சொல்லுங்கள். அவர்களோடு நமக்கு என்ன ஒட்டு? எங்கே போனாலும் வம்பை இழுத்துக்கொண்டு வருகிற கூட்டம். அவர்கள் சுமையை நாம் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும்? நம் கதவு திறந்தால் போதாதா?

கோபப்படாதீர்கள். மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். நர்ஸக்காவிடம் உடனே பதில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்


ஜூலை 24, வெள்ளி

மகனுக்கு,

உன் கடிதம் வந்தபோது நர்ஸம்மா ராத்திரி டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்குமா? உறையைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடந்து பார்த்தேன். அப்புறம் நேரே தையல்கடைக்குப் போய் மெஷின் மேலே வைத்துவிட்டேன். "பையன் எழுதியிருக்கான், வாசிங்க."

அவர் வாசித்தார். ஒரு எழுத்தைக்கூட முழுங்கவில்லை. வம்பை இழுத்துக்கொண்டு வருகிற கூட்டம் என்பதையும், மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி அதே குரலில் வாசித்தார். இருமக்கூட இல்லை. முடித்து மடித்துக் கையில் கொடுத்து, "மாத்திரை போட்டாச்சா அண்ணே?" என்று கேட்டார்.

உனக்குத்தான் நான் எழுத்து தெரியாதவன் என்பது மறந்துபோயிற்றே. எனக்கு வருகிற கடிதம் எல்லாம் இன்னொருத்தர் வாய் வழியாகத்தான் வர வேண்டும். இந்தப் பதிலையும் அவர்தான் எழுதுகிறார். "நானே எழுதுறேன், நீங்க சொல்லுங்க" என்று பிடிவாதம். சொல்கிறேன்.

அதிகாரி சொன்ன வழியை எங்கள் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னேன். வாத்தியார், "நம்ம கதவாவது தொறக்கட்டுமே, அப்புறம் அவங்களுக்காகப் பேசலாம்" என்றார். டிரைவர் தலையாட்டினார். அவர்கள்மேல் கோபமில்லை, எனக்கே ஒரு நிமிஷம் சபலம்தான். பிறகு சொன்னேன்: "என் லிஃப்டிலே பெரிய அதிகாரி வந்தா பியூனை இறங்கச் சொல்லுவாங்க. அதைப் பார்த்துச் சிரிச்ச குமாஸ்தாவை நான் பார்த்திருக்கேன். அவரைவிடப் பெரியவர் ஒருத்தர் வந்தப்ப அவரும்தான் இறங்கினார். இவங்களை இறக்கிவிட்டு நாம ஏறினா, அடுத்து இறங்குறது யாருன்னு மேலே இருக்கிறவன்தான் சொல்லுவான். சாமி கும்பிடுறது ஒருத்தன் தயவிலே நடக்கக் கூடாதுங்க."

நர்ஸம்மாதான் எழுந்து, "ரெண்டாவது பக்கத்திலே என் பேரையும் போடுங்க" என்றாள். பிறகு டிரைவர் போட்டார். வாத்தியார் போடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

உன் அம்மா படுக்கையில் கிடந்தபோது நம் கூடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். நினைவிருக்கிறதா? அவர்கள்தான் நமக்கு அந்த மாடி அறையைப் பெருக்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் அங்கேதான் செபமாலை சொன்னோம். நீ செருப்போடு உள்ளே ஏறி என்னிடம் குட்டு வாங்கினாய். அதற்குக் கைம்மாறாக இதைச் செய்கிறேன் என்று நினைக்காதே. அவர்கள் கதவையே திறக்காமல் இருந்திருந்தாலும் விரலை எடுக்கமாட்டேன்.

உன் வேலை போகுமோ என்று பயமாக இருக்கிறது. அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

அப்பா


ஆகஸ்ட் 2, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். வேலையில் ஒன்றும் பிரச்சினை இல்லை. அதிகாரி மறுபடி கூப்பிட்டார். "ஆமாம் சார், எங்க அப்பாதான்" என்று சொன்னேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம். விசாரணைக்குப் போகும்போது அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தையல்கார மாமாவுக்கு: இதற்குக் கீழே உள்ளது உங்களுக்கு மட்டும். அப்பாவுக்கு வாசிக்க வேண்டாம்.

மாமா, நான் எழுதிய அசிங்கத்தை உங்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன். எழுதும்போது உங்கள் முகம் என் கண்ணில் இல்லை. சின்ன வயதில் எனக்கு ஸ்கூல் சட்டை தைத்துக் கொடுத்த ஆள் நீங்கள், அதுவும் நினைவில் இல்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ரயில்கூடப் போகாத ஊர். பதவி உயர்வும் இல்லை. இதை அப்பாவிடம் சொன்னால் கையெழுத்தை வாபஸ் வாங்கினாலும் வாங்கிவிடுவார். வாங்கக் கூடாது மாமா. விசாரணை முடிகிறவரை சொல்லாதீர்கள்.

உங்கள் மகன்


ஆகஸ்ட் 11, செவ்வாய்

அன்பு மகனே,

விசாரணை முடிந்தது என்று சொல்ல ஆசை. ஆனால் தள்ளி வைத்துவிட்டார்கள். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாள் பூராவும் உட்கார்ந்திருந்ததில் கோர்ட்டு நாற்காலிக்குத்தான் லாபம். நீதிபதி என் பக்கம் பார்த்து, "நீங்க கேக்கிறது உங்க கூடத்துக்கா, ரெண்டுக்குமா?" என்று ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டுக்கும்தான் ஐயா" என்றேன். எழுதிக்கொண்டார். சீல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நாங்கள் பூட்டிக் கிடக்கிற கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே செபம் சொல்கிறோம். அவர்கள் மாடிப்படியில் தொழுகிறார்கள். நேற்று வாத்தியாரும் வந்து, என் பின்னால் ஒளிந்த மாதிரி நின்றார்.

உன் கடிதத்தைத் தையல்காரர்தான் வாசித்தார். நீலச் சட்டை வரைக்கும் ஒழுங்காக வந்தவர், நின்றுவிட்டார். வசவுக்கே நிற்காத மனுஷன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார்.

"என்னய்யா, எழுத்து தேஞ்சிருக்கா?"

"உங்க பையன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கான் அண்ணே."

"அதுக்கு இவ்வளவு எழுத்தா? முழுப் பக்கம் இருக்கே."

"படிச்சவன் இல்லையா, நீட்டித்தான் எழுதுவான்" என்று மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை. அதிகாரிகள் முகத்தைப் பார்க்காமலே, அவர்கள் ஏறுகிற விதத்திலேயே யாருக்கு என்ன உத்தரவு வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். என் மகன் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று எழுதினால் எனக்குத் தெரியாதா?

விரலை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். அதைப் பற்றி நீ நிம்மதியாக இரு.

மருமகளுக்குப் புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, காய்ச்சிக் குடிக்கச் சொல். இதைச் சொன்னதும் தையல்காரர் பேனாவைத் தூக்கிவிட்டார். "எழுதுங்கய்யா, ஒரு எழுத்து விடாம எழுதுங்க" என்றேன். எழுதுகிறார்.

அடுத்த கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுது. அதை அவர் எனக்குச் சத்தமாகவே வாசிக்கட்டும்.

உன் அப்பா
(கைநாட்டு)