மூன்றாவது அச்சு

மார்கழி 15, வியாழன்

காலையிலிருந்து தூறல். மை காயவில்லை. மஞ்சள் அடித்த அட்டைகள் கட்டில் மேல், தையல் மிஷின் மேல், அரிசி டின் மேல். இந்த வாடகை அறையில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சாப்பாடு: ரசம், அப்பளம்.

எல்லாம் பெரிய வீட்டுப் பொங்கல் வாழ்த்து. நான் தையல் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் என் அட்டைகளைப் பார்த்துவிட்டுச் சின்ன மிராசின் மனைவி கேட்டது. எங்கள் ஊரிலேயே அதிக நிலம் அவர்களுக்குத்தான். அம்மா நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுக்கிற வீடு. சின்ன வயதில் அந்த வீட்டுக்குள் கொல்லைப்புறமாகத்தான் போயிருக்கிறேன். இப்போது என் கைவேலை முன்வாசல் வழியாகப் போகும். ஒத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம், வேறென்ன. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்று அச்சு. பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி மரக்கட்டையில் ஒட்டியது. முதலில் மஞ்சள்: சூரியன், வானம், கதிர். அது காய்ந்ததும் பச்சை: நெல்தாள், வரப்பு, தென்னை. கடைசியில் சிவப்பும் கறுப்புமாக ஆட்கள், குனிந்து அறுக்கிற பெண்கள். முன்னால் இருப்பவள் அம்மா. முகம் தெரியாது. முதுகு போதும் எனக்கு.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, "சூரியன் போட்டிருக்கீங்களே டீச்சர், கட்சி அட்டை மாதிரி ஆயிடாது?" பொங்கலுக்குச் சூரியனைப் போடாமல் நிலாவையா போடுவார்கள்? கதிரைப் போட்டால் ஒரு கட்சி, இலையைப் போட்டால் ஒரு கட்சி. கண்ணில் படுவதையெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டால் நான் எதைத்தான் வரைவது?

வாங்க வேண்டியது: பச்சை மை, சீயக்காய், பல்பு, வெள்ளை நூல்.

மார்கழி 17, சனி

நல்ல வெயில். மூன்று அச்சும் அடித்த மாதிரி அட்டையோடு பெரிய வீடு. சி.மி. தான் பார்த்தார். (சின்ன மிராசை இனி இப்படித்தான் எழுதப்போகிறேன். முழுசாக எழுத மை வீண்.)

"அட்டை பிரமாதம் டீச்சர். இந்த ஆளுங்க மட்டும் வேண்டாம். எடுத்துடுங்க."

"ஏங்க?"

"ஊர்ல நடக்கறது உங்களுக்குத் தெரியாதா? அறுப்புக் கூலி ஏத்தினாத்தான் வயல்ல எறங்குவோம்னு கொடி நட்டு வெச்சிருக்காங்க. அவங்களையே நாங்க அச்சடிச்சு சொந்தக்காரங்களுக்கு அனுப்பணுமா? வயல் மட்டும் இருந்தாப் போதும்."

சரிங்க என்றேன். கிளம்பும்போது, "அஞ்சலை வேற சங்கத்துல பேச ஆரம்பிச்சுட்டா. கொஞ்சம் சொல்லி வைங்க டீச்சர்." அஞ்சலை என் அம்மா. இவர் தவழ்ந்த காலத்திலேயே அந்த வயலில் அறுத்தவள். எனக்கு 'ங்க', அவளுக்கு 'ஆரம்பிச்சுட்டா'. அதற்கும் சரிங்க என்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா எனக்கு?

பஸ் முழுக்க இதே நினைப்பு. ஆள் இல்லாத அறுவடையாம். கதிர் தானே அறுந்து, தானே கட்டாகி, தானே களத்துக்கு நடந்து போகுமாம். பஸ் ஏறுமுன் எட்டிப் பார்த்தபோது அம்மா வீட்டில் இல்லை, சங்கக் கூட்டம். நல்லதாய்ப் போயிற்று. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

மார்கழி 18, ஞாயிறு

பச்சையும் அடித்து முடித்தேன். அதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. பச்சை மேல் சிவப்பு அடித்தால் சேற்று நிறமாகிவிடும். அதனால் முதல் இரண்டு அச்சிலும் ஆட்கள் வரும் இடத்தை ஆள் வடிவிலேயே வெட்டி எடுத்திருந்தேன். அங்கே மை படாது. இப்போது ஆட்களை அடிக்கவில்லை. வயல் நடுவே வெள்ளை வெள்ளையாகக் குனிந்த ஓட்டைகள்.

பக்கத்து அறை சரோஜா டீச்சர் பார்த்துவிட்டு, "அந்த எடத்தை மூடறதுக்கு ஒரு அச்சு வெட்டிக்கயேன். கூலிச் சண்டையெல்லாம் உனக்கெதுக்கு?" என்றாள். எனக்கெதுக்காம். அந்தக் கூலியில்தான் நான் டீச்சர் டிரெயினிங் படித்தேன்.

மூட மாட்டேன். ஆள் வேண்டாம் என்றார், ஆள் இல்லை. ஆள் இருந்த இடம் இருந்துவிட்டுப் போகட்டும். சொந்தக்காரர்கள் உறையைப் பிரித்துப் பார்த்து, இது என்ன ஓட்டை, இங்கே யார் இருந்தது என்று கேட்கட்டும். சி.மி. பதில் சொல்லட்டும். மகா திருப்தி. வழக்கத்துக்கு மேல் இரண்டு தோசை.

மார்கழி 21, புதன்

பனி. தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு பிள்ளை துணியோடு பாவாடையையும் சேர்த்துத் தைத்துவிட்டாள், பிரிக்கவே ஒரு பீரியட்.

தாலுகா ஆபீஸில் நடந்த கூலிப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதாம். டீக்கடையில்: "வெளியூர் ஆளை லாரியில கொண்டாந்து எறக்கப் போறாங்களாம்." "எறக்கட்டும்யா, பாத்துக்கலாம்." அம்மா முன்னால் போய் நிற்பாள். நிற்காமல் இருக்க மாட்டாள். பயமாக இருக்கிறது. உறைகள் ஒட்டினேன், பாதி கோணல்.

மார்கழி 24, சனி

அட்டைகளைப் பெரிய வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரியவர் ஊஞ்சலில் இருந்தார், சி.மி.யின் அப்பா. அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"அடடே, கொக்கு!"

கொக்காம். குனிந்த முதுகு உடம்பாம், நீட்டிய கை கழுத்தாம், அரிவாள் அலகாம். மருமகள் ஓடி வந்து, "எவ்வளவு தத்ரூபமா இருக்கு மாமா." சரி, சி.மி.க்காவது தெரிய வேண்டாமா? மாதிரி அட்டையில் ஆட்களைப் பார்த்தவராயிற்றே. அவர் சொன்னது: "நல்ல யோசனை டீச்சர், ஆளுங்களுக்குப் பதிலா கொக்கு. பாக்க அமைதியா இருக்கு."

காபி வந்தது. அவர்களுக்கு டபரா செட், எனக்குக் கண்ணாடி கிளாஸ். அதையும் குடித்தேன்.

கொக்கு இல்லைங்க, எங்கம்மாங்க என்று ஏன் சொல்லவில்லை? தெருமுனை திரும்பிய பிறகு விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் பிரமாதமாக வந்தது. இப்போது வந்து என்ன?

மார்கழி 25, ஞாயிறு

அம்மா வீட்டில். பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லி, மாதிரி அட்டையையும் காட்டினேன். அம்மாவும் சேர்ந்து கொதிப்பாள் என்று நினைத்தேன். கொதித்தாள், என் மேல்.

"இது யாரு?"

"நீதாம்மா."

"இதையா அவன் வீட்டுக்கு அடிச்சுக் குடுக்கப் பாத்த?"

"யாரு அறுக்கறாங்கன்னு தெரியட்டும்னுதான்..."

"அது தெரியாமயா கெடக்கான்? கூலி பேசப் போனப்ப அவன் எதுக்க நிமிந்து நின்னு பேசிட்டு வந்திருக்கோம்டி. எத்தனை வருசத்துக்கு அப்புறம். நீ என்னக் குனிய வெச்சு, பொங்கல் வாழ்த்துன்னு எழுதி, அவன் ஒறவுமுறை வீட்டுக்கெல்லாம் அனுப்பப் பாக்குற. நல்லவேளை, கொக்குன்னு நெனச்சான்."

இத்தனை நாளாக ஊர் உலகத்தின் மேலெல்லாம் கோபம். "வயல்ல உன்னை வேற எப்படிப் பாத்திருக்கேன் நான்?" என்று கத்திவிட்டேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அதே நாள், சாயங்காலம்

மறுபடி வரைகிறேன். வெளிச்சத்துக்காக அம்மாவை வாசலில் நிற்க வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றாள். அழித்து அழித்து வரைந்தும் சரியாக வரவில்லை. என் கை தானாக முதுகை வளைக்கிறது. என்ன கை இது.

வந்தாலும் பழைய ஓட்டைக்குள் இந்த அம்மா அடங்க மாட்டாள். மஞ்சள், பச்சை எல்லாவற்றையும் முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

"கைய எங்கடி வெச்சுக்கறது?"

"இடுப்புல வெச்சுக்க."

"சண்டைக்கு நிக்கற மாதிரில்ல இருக்கும்."

"வேணாம்னா விடு" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையையும்.