கொய்யா மரத்தில் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் இடது முழங்காலையும் என் பெரிய அலுமினியப் பாத்திரத்தையும் தவிர. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலந்தானே? குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா? போனில் எதைக் கேட்டாலும் ம், ம் என்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்துக்கு நடுவில் ம் போட முடியாது பார். அப்பா மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று உன் அத்தை உன்னிடம் சொன்னாளாமே, அது சுத்தப் பொய். அவர் விழவில்லை. இறங்கவும் இல்லை, அதுதான் சங்கடமே.

நம் மாடியில் குடியிருக்கும் பேக்கரிக்காரரின் பெண்கள் இரண்டும், பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதிலிருந்து பகலெல்லாம் நம் வீட்டில்தான். பெரியவள் எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு என்று குறுக்கு விசாரணை செய்வாள், அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறோம். சின்னதுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, அது ஓட்டைப்பல். பின்பக்கத்துக் கொய்யா இந்த வருஷம் இலை தெரியாமல் காய்த்து, பழுத்து, வௌவாலுக்குப் பாதி, தரைக்குப் பாதி என்று வீணாகிக்கொண்டிருந்தது. வாங்கடி, ஜாம் போடலாம் என்று இரண்டையும் கூட்டிப் போனேன். கைக்கு எட்டிய பழமெல்லாம் பறித்தார்கள், ஓட்டைப்பல் பறித்த பழங்களில் ஓரமாகக் கடித்த அடையாளம் இருந்தது, வௌவால் கடித்தது எது, இவள் கடித்தது எது என்று பிரித்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதைக் கழுவி, நறுக்கி, வேகவைத்து, விதை போக வடிகட்டி, சர்க்கரை சேர்த்து அடுப்பில் ஏற்றிக் கிளறிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவின் சங்கதி உனக்குத் தெரியும். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அந்தத் தெருப் பக்கமே போவதில்லை, காய் வாங்கப் போனாலும் சுற்றுவழியில்தான் போவார். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்றால், "வேலை நேரத்துல போய் நின்னா, பெரிசு வந்துடுச்சுடான்னு நெளிவாங்க" என்பார். அவர்களும் வரவில்லை. மனுஷர் பேப்பரை எடுத்தால் ஏல விளம்பரம்வரை படிக்கிறார், என்னோடு பேசுவது சாப்பாட்டு வேளையில் உப்பைப் பற்றி மட்டும். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குப் பெண்கள் உச்சிக் கிளைப் பழத்தைக் குச்சியால் அடிப்பதைப் பார்த்ததும் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். "பழம் பறிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு" என்று லுங்கியை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, சுவரில் ஏறி, மரத்துக்குத் தாவிவிட்டார். கீழே பெண்கள் போர்வையை விரித்துப் பிடிக்க, மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

இறங்கும்போதுதான் அந்த முழங்கால் மடங்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. போதாததற்கு கால்சட்டைப் பின்பக்கம் முறிந்த கிளையொன்றில் மாட்டிக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தில் கரண்டியோடு ஓடினேன். "யாரையும் கூப்பிடாதே, நானே இறங்குவேன், முப்பது வருஷம் மத்தவங்களை இறக்கினவன் நான்" என்கிறார். சரி என்று நான் கீழேயே நின்று, அந்தக் காலை இங்கே வையுங்கள், இந்தக் காலை அங்கே வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வக்கீலைக் காணோம் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. ஆபத்து வந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது, விலாசத்தை எப்படிச் சொல்வது என்று அவளை மனப்பாடம் செய்யவைத்தவர் உன் அப்பாதானே. அவள் போனில் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டு வாங்கினேன். "ஒரு தாத்தா மரத்துல மாட்டிக்கிட்டார். அழல. ஆனா திட்டுறார். மெதுவா வந்தாப் போதும்" என்றாளாம்.

தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது. உன் அப்பா மேலேயிருந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பாவம், யார் வீட்டுலயோ தீ" என்றார். சத்தம் நம் தெருவுக்குள் திரும்பியது. நம் வாசலில் நின்றது. அப்போது அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

பின்பக்கம் வந்தவர்களில் முன்னால் வந்தது அந்த நெட்டை அதிகாரி, உன் அப்பா கையில் வேலை கற்று இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். நிமிர்ந்து பார்த்தார். "சார்... நீங்களா?" என்றார். உன் அப்பா இலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, "கொய்யா பறிக்கிறேன், தெரியல?" என்றார். பின்னால் நின்ற டிரைவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வர, இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். ஆனால் ஏணியைச் சாத்தியதுதான் தாமதம், இவர் வெட்கத்தையெல்லாம் மறந்துவிட்டார். "அங்கே வைக்காதே, தரை ஈரம், அடியை ஒருத்தன் பிடி" என்று மேலேயிருந்து அதட்ட ஆரம்பித்துவிட்டார். நெட்டை அதிகாரியும் பழக்க தோஷத்தில், "சரிங்க சார், சரிங்க சார்" என்று ஓடுகிறார். தன்னைக் காப்பாற்றும் வேலையைத் தானே முன்னின்று நடத்திய மனுஷரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாதி ஏணி இறங்கியிருப்பார், ஓட்டைப்பல் வீட்டுக்குள்ளிருந்து நிதானமாக வந்து, "பாட்டி, உங்க அடுப்பங்கரைல மேகம் வருது" என்றது. அடுப்பை அணைக்காமல் வந்திருக்கிறேன்! எல்லோரும் ஏணியை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார்கள், உன் அப்பா மறுபடியும் கிளையைக் கட்டிக்கொண்டு, "கேஸை மூடு! தண்ணி ஊத்தாதே!" என்று கத்துகிறார். நல்ல வேளை, புகையோடு போயிற்று. ஜாம் தார் மாதிரி பாத்திரத்தோடு ஒட்டிவிட்டது. எல்லோரும் அதை வேடிக்கை பார்த்து, ஜன்னலைத் திறந்து, பெருமூச்சு விட்ட பிறகுதான் வக்கீல் கேட்டாள், "தாத்தாவை எப்ப இறக்குவீங்க?"

ஒருவழியாக இறக்கினார்கள். அவர் முழங்காலை நீவிவிட்டேன், வந்தவர்களிடம் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர்கள் வேலை முடியும் நேரமும் அதுதானாம், வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டு மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். போர்வையில் கிடந்த பழத்தை டிரைவர் நறுக்க, நான் வேகவைக்க, நெட்டை அதிகாரி சல்லடையில் போட்டுத் தேய்க்க, உன் அப்பா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு வேறொரு பாத்திரத்தில் கிளறினார். பெண்கள் பாட்டில்களைத் துடைத்தார்கள். ஆறின தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார், ஓடாமல் நின்றால் பதம் என்று நான் சொல்ல, ஓட்டைப்பல் சொட்டுச் சொட்டாகப் பதம் பார்த்தே வயிற்றை நிரப்பிக்கொண்டது. சல்லடையைத் தேய்த்தபடியே நெட்டை அதிகாரி சொன்னார், "உங்க நாற்காலில நான் உட்கார்ந்துட்டேன்னு கோபம்னு நெனச்சோம் சார், அதான் வரப் பயந்தோம்." உன் அப்பா கரண்டியை வைத்துவிட்டு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நிறுத்தாம தேய், விதை விழுது பார்" என்றார்.

புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஏணிப் பயிற்சி சொல்லித்தர வாரம் ஒருநாள் வரமுடியுமா என்று போகும்போது கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொன்னார். முதல் நாள் கிளம்பி வாசல்வரை போனவர் திரும்பி வந்து, இந்தச் சட்டை எடுப்பா இருக்கா என்று என்னைக் கேட்டார். கல்யாணமானதிலிருந்து கேட்டதில்லையடி.

ஜாம் இரண்டு பாட்டில் அங்கே வரும் பேக்கரிக்காரரின் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே, மாப்பிள்ளையை ஒரே நாளில் தீர்க்க விடாதே. ராத்திரி கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. இரண்டு பேரும் சண்டை போட்டாலும் சேர்ந்து சாப்பிட்டு, ஆயுசோடு சிரித்துக்கொண்டிருங்கள். ஒன்று மறந்துவிடாதே, இனிமேல் சனிக்கிழமை காலையில் அப்பாவுக்குப் போன் போடாதே. அவருக்கு வேலை இருக்கிறது.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா