எக்ஸ்ரே வாள்

அண்ணே,

காலையில் நகராட்சி ஆட்கள் தெருச் சாக்கடைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவனிடம் சண்டை போடக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது உன்னிடம் சண்டை போட எவருக்குத் துணிச்சல் இருந்தது?

கோவில்பட்டியில் நம் தெருக் கோயில் கொடைத் திருவிழா என்றால் நாடகம் உண்டு, நாடகம் என்றால் நீதான் ராஜா. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற பெண்கள்கூட உன் வசனத்தைச் சொல்லிக்கொண்டே அடுக்குவார்கள். எனக்கும் பெருமைதான், மறைக்க மாட்டேன். அந்த வருஷம் கொடைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சோறு குழைந்துவிட்டது என்று மதினியை அடித்தாய். கைக்கு அகப்பட்டது நாடகத்து மரவாள். முகத்தை மறைக்க அவள் கையைத் தூக்கினாள். வாளும் முறிந்தது, கையும் முறிந்தது. ஆஸ்பத்திரியில், "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டா" என்றாய். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

வாள் போச்சே என்பதுதான் உன் கவலை. "இந்த வருசம் வாளு எரியணும்ட்டி. மேடையில லைட்ட அணைச்சா வாளு மட்டுந்தான் தெரியணும்" என்றாய். சீரியல் செட் கோர்க்கும் கடையில் நான் வேலை பார்த்ததால் அது என் தலையில் விடிந்தது. பல்பு கோர்ப்பது பெரிய காரியமில்லை. அதன்மேல் எதைப் போர்த்துவது என்பதுதான் பெரும்பாடு. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபுக்குள் விட்டால் ஒவ்வொரு பல்பும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. வயரிங் பைப்புக்குள் விட்டால் வெளிச்சம் வெளியே வரவே இல்லை. கடலைமிட்டாய் சுற்றும் எண்ணெய்த்தாள் வெளிச்சத்தை நன்றாகப் பரப்பியது, ஆனால் ஒரே வீச்சில் கிழிந்தது. கடைசியில் நீயே பியூஸ் போன டியூப்லைட் ஒன்றைக் கொண்டுவந்தாய்.

முனையைக் கழற்றிப் பல்புச் சரத்தை உள்ளே விட்டதும், அதில் பூசியிருந்த வெள்ளைப் பொடியில் வெளிச்சம் பாலாகப் படர்ந்தது. "கண்ணாடிண்ணே, வேண்டாம்" என்றேன். பளாரென்று ஒன்று விழுந்தது. ஒத்திகையில், எதிரி ராஜாவாக நடித்த உன் கூட்டாளியின் தோளில் அதை ஓங்கி இறக்கினாய். வெடித்த சத்தத்தில் ஆர்மோனியம் நின்றுபோனது. அவன் கழுத்தில் சில்லு ஏறிச் சட்டையெல்லாம் ரத்தம். நீ கையில் மிஞ்சிய துண்டைப் பார்த்து, "நல்லாத்தான எரிஞ்சுது" என்றாய். கண்ணாடி கூடாது என்று கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்து, என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாய். நாலு நாளில் வேறு வாள் வேண்டும் என்றாய்.

மதினியின் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் அவள் கையின் எக்ஸ்ரே படங்கள் இரண்டு இருந்தன. கட்டுப் போடும் முன் எடுத்தது ஒன்று, போட்ட பின் எடுத்தது ஒன்று. அவள் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம். கேட்காமலே எடுத்தேன். வெந்நீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, ஊறவைத்துத் தேய்த்தேன். கறுப்பு கழன்று வந்தது. எலும்பும் முறிவும் என் விரலுக்கடியில் கரைந்து ஓடின. மிஞ்சிய லேசான நீலத் தாளை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கி, சுருட்டி ஒட்டினேன். பல்பைப் போட்டதும் பிடி முதல் நுனி வரை ஒரே நீலம். அடித்தால் மடங்கும், யாரையும் வெட்டாது. நீ உடைத்த கையையே உன் கையில் கொடுக்கிறேன், பிடித்துக்கொண்டு ஆடு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். என்ன சாமர்த்தியம் பார்த்தாயா!

நாடகத்தில் விசில் காதைப் பிளந்தது. அடுத்த வாரமே விளாத்திகுளத்திலிருந்து மதினியின் அண்ணன்மார் வந்தார்கள், ஊர்ப் பெரியவரை நடுவில் வைத்துப் பேசித் தங்கையைக் கூட்டிப்போக. "கெணத்தடியில விழுந்ததுக்கு எங்கிட்ட ஏன் கேக்கிய?" என்றாய். மதினி அன்றுதான் வாயைத் திறந்தாள். "விழுந்த கை இப்படி ஒடியாது, படத்தப் பத்திரமா வச்சுக்கோன்னு நர்சம்மா சொன்னாவ. எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். பெட்டியைக் கொட்டும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு வந்து, "ஏட்டி, படம் எங்க?" என்றாள்.

என் கண் சுவரில் தொங்கிய வாளுக்குப் போனது. அவளும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீ சொல்லும்மா, அவன் அடிச்சானா?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். உன் பார்வை என்மேல் இருந்தது.

"நான் கடைக்குப் போயிருந்தேன்" என்றேன்.

படமும் இல்லை, சாட்சியும் இல்லை என்று பெரியவர் கையை விரித்தார். அண்ணன்மார் அவளை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டார்கள், நீ கதவைச் சாத்திவிட்டு அவளை மிதித்தாய். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்தபோது, பெரிய கலைஞன் என்று சொல்லி மாலை போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மதினியின் கோணலாகச் சேர்ந்த கையைத் தூக்கிப் பிடித்து, "இத ஒடைச்சது எங்க அண்ணந்தான். நான் கண்ணால பாத்தேன்" என்று கத்தினேன். மதினி கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"இப்ப எதுக்குட்டி சொல்லுத? அடிக்கதுக்கு ஆளு இல்லங்கிற தைரியமா?"

ஆமாம் என்பதுதான் பதில், அண்ணே. மதினி என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை.